மின்னை ஆளும் கை

இலங்கையின் மின்சார வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அணைக்கட்டுகளின் வரலாற்றையே எழுதிச் சென்றுள்ளனர். எந்த ஆறு எந்த ஆண்டில் மறிக்கப்பட்டது, எத்தனை மெகாவாற் பெறப்பட்டது, திறப்புவிழாவுக்கு எந்தப் பிரமுகர் வந்தார் என்பனவே அவ்வரலாற்றின் செய்திகள். மின்னை ஆக்குதல் ஒரு கலையாயின், ஆக்கிய மின்னை ஆளுதல் வேறொரு கலையாகும். இந்த இரண்டாவது கலைக்குத் திறப்புவிழா இல்லை, பெயர்ப்பலகை இல்லை, ஆகவே வரலாறும் இல்லாது போயிற்று. ஆயினும் 2015ஆம் ஆண்டுக்குப் பின் இந்நாடு முழுமையாக இருளில் மூழ்கிய நாள்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோமாயின், ஆக்கும் ஆற்றல் போதாமையிலும் ஆளும் ஆற்றல் போதாமையே எம்மைக் கூடுதலாக இடறச் செய்தது என்பது புலனாகும்.

இந்த இரண்டாவது கலை எமது பகுதி மக்களுக்குப் புதியதன்று. கல்முனைக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையே, கிழக்கே கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியுமாக அமைந்த ஒடுங்கிய மணற்றரையில் உள்ளது பெரியகல்லாறு. வாவியின் தென்வாய் இக் கல்லாற்றுப் பக்கத்திலேதான் இருக்கின்றது. கோடையில் மணல் அவ்வாயை அடைத்துவிடும். மாரியில் படுவான்கரை வயல்களிலிருந்தும் அதற்கப்பாலுள்ள குளங்களிலிருந்தும் இறங்கும் வெள்ளம் வாவியை நிரப்பும்போது, அம்மணற்றடையை வெட்டி நீரைக் கடலுக்கு விடவேண்டும். எப்போது வெட்டுவது? பிந்தினால் படுவான்கரையில் நெற்பயிர் நீருள் அழுகும். முந்தினால் வாவி வற்றி, இறாலும் மீனும் கடலோடு போகும். வயற்காரர் ஒரு நாளைச் சொல்வர். வலைகாரர் வேறொரு நாளைச் சொல்வர். நீர்மட்டத்தை அளந்து, மழைக்குறியை நோக்கி, இரு சாராரின் பேச்சையும் கேட்டு ஒரு நாளைத் தேர்ந்து மண்வெட்டியை எடுப்பதே ஆளுதல். மழையைப் பெய்விப்பதற்கு அதில் இடமில்லை. வருகின்ற நீரைக் கொண்டு இரு கரையாரையும் வாழவைப்பதற்கு மட்டுமே இடமுண்டு.

இக்கலையின் நுட்பப் பகுதியையும் இத்தீவின் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பண்டைய பெருங்குளங்கள் பலவற்றில், அணையின் உட்பாகத்தை ஒட்டி நாற்கோணமாகக் கல்லடுக்கிய கிணறு ஒன்று காணப்படும். சிங்கள மக்கள் அதனைப் பிசோக்கொட்டுவ என அழைப்பர். நீர்ப்பாசனப் பகுதியிற் பணியாற்றிய ஹென்றி பாக்கர் என்ற ஆங்கிலப் பொறியியலாளர், 1909இல் வெளியிட்ட தமது நூலில், துருசு வழியே சீறிப் பாயும் நீரின் அமுக்கத்தை அடக்கி வேண்டிய அளவில் விடுவதற்கான வால்வுக் கிணறே அது என எடுத்துரைத்தார். அக்கிணறு இல்லாவிடில் உயர்ந்த அணை இல்லை. உயரத்திலிருந்து இறங்கும் நீரே அணையை அரித்துவிடும். அணையின் உயரத்தைக் கண்டு வியப்பவர் பலர். அவ்வுயரத்தைச் சாத்தியமாக்கிய கிணற்றை எட்டிப் பார்த்தவர் சிலரே.

நவீன காலத்துக்கு வருவோம். டீ. ஜே. விமலசுரேந்திர (1874–1953) 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரையில், மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியைக் கொண்டு நாட்டுக்கு வேண்டிய மின்வலுவைப் பெறலாம் எனக் கணக்கிட்டுக் காட்டினார். குடியேற்ற ஆட்சியினர் தொடங்குவதும் நிறுத்துவதுமாகக் காலத்தைக் கடத்தினர். அவர் 1931இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் இதே வழக்கைப் பேசினார். 1950இல் லக்சபானவின் முதற்கட்டம் 25 மெகாவாற்றுடன் இயங்கத் தொடங்கியபோது அவர் முதியவர். அவருடைய பெருமையை மறுப்பார் இலர். அக்கதை எல்லோரும் அறிந்ததாகலின் விரிக்காது விடுகின்றோம்.

எமக்கு அண்மையிலுள்ள கதை வேறு. எமது வாவிக்கரை மக்கள் பட்டிப்பளையாறு என்றும் அரசாங்க ஏடுகள் கல்லோயா என்றும் வழங்கும் ஆறு, இங்கினியாகலையில் மறிக்கப்பட்டது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. மொறிசன் நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் அணையைக் கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. பின்னர் அவ்வணையின் அடியில், சுமார் 11 மெகாவாற் வலுக்கொண்ட மின்நிலையம் அமைந்தது. இந்நிலையத்திற்கு ஒரு தனிப்பண்பு உண்டு. வயலுக்கு நீர் வேண்டும்போதுதான் துருசு திறக்கப்படும். துருசு திறக்கப்படும்போதுதான் சுழலி சுழலும். மின்சாரம் இங்கு நெல்லின் கட்டளைக்குக் காத்து நின்றது. ஒரே நீரை முதலில் மின்னாகவும் பின்னர் நெல்லாகவும் ஆக்குவதில் உள்ள சிக்கனம் எவர்க்கும் விளங்கும். மின்னை வேண்டுவோர் துருசை இரவிலே திறக்கச் சொல்லும்போது, அச்சிக்கனம் ஒரு பிணக்காகவும் மாறிவிடும் என்பதையும் மறைத்தல் ஆகாது.

அந்த அணையோடு குடியேற்றமும் வந்தது. 1956இல் அக்குடியேற்றப் பகுதியில் தமிழர் இரத்தமும் சிந்தப்பட்டது. அதனை மறந்து கல்லோயாவைப் பற்றி எழுத எம்மால் இயலாது. ஆயின் அதே கல்லோயாவின் இடதுகரை வாய்க்காலில் நிகழ்ந்த இன்னொன்றையும் மறத்தற்கில்லை. 1980க்குப் பின், கமத்தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கு விவசாயிகளின் குழுக்களை அமைக்க உதவின. நீர் மிகக் குறைந்திருந்த 1981இல், தலைப்பகுதியிலுள்ள சிங்கள விவசாயிகள் தாமே வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, முறைவைத்துப் பாய்ச்சி, மீந்த நீரைக் கடைப்பகுதி விவசாயிகளுக்கு விட்டனர். அக்கடைப்பகுதியிற் பெரும்பாலோர் தமிழர். நோர்மன் அப்ஹோவ் 1992இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். அணை உயர்த்தப்படவில்லை, மழை கூடவில்லை, அதே நீர் முன்னிலும் கூடிய நிலத்தை நனைத்தது. ஆளுகையினாற் பெறும் சிக்கனம் என நாம் இக்கட்டுரை முழுவதும் கூறுவது இதனையே.

துருசைத் திறப்பவனின் கண்ணையும் கையையும் இயந்திரத்திடம் ஒப்படைத்த கதை ஐரோப்பாவிலே தொடங்குகின்றது. 1788 அளவில் ஜேம்ஸ் வாற் தமது நீராவி இயந்திரத்தில் இரு குண்டுகளைப் பொருத்தினார். இயந்திரம் விரைந்தால் குண்டுகள் அகன்று உயர்ந்து நீராவியின் வழியை ஒடுக்கும். தளர்ந்தால் தாழ்ந்து வழியை அகலத் திறக்கும். விளைவே திரும்பி வந்து காரணத்தைத் திருத்துகின்ற இவ்வேற்பாட்டைப் பின்னூட்டல் என நாம் கற்பிக்கின்றோம். திருத்தம் அளவு மீறினால் இயந்திரம் அமைதியடையாது மேலும் கீழுமாகத் தடுமாறும் என்பதைக் கணித வழியால் 1868இல் ஆராய்ந்தவர் மக்ஸ்வெல். இரண்டு குண்டுகளில் தொடங்கியது எண்பது ஆண்டுகளில் ஓர் அறிவியலாயிற்று.

கட்டடங்களுக்கு இவ்வறிவு வந்து சேர்ந்தது ஒரு பாடசாலை வழியாக என்பதில் ஆசிரியத் தொழிலினராகிய எமக்குச் சிறு பெருமிதம் உண்டு. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து ஆசிரிய கலாசாலையொன்றில் வொறன் ஜோன்சன் என்பவர் கற்பித்துவந்தார். பனிக்காலத்தில் காவலாளி மணிக்கொரு முறை வகுப்பறைக்குள் நுழைந்து வெப்பமானியைப் பார்ப்பார், பின் நிலவறைக்கு இறங்கி அடுப்பின் காற்றுவழியைத் திருத்துவார், பாடம் குழம்பும். இத்தொல்லைக்கு முடிவு காண ஜோன்சன் 1883இல் மின்சார வெப்பநிலைநிறுத்தி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாண்டுகளில் அதற்கெனக் கம்பனியும் எழுந்தது. இன்று உலகின் பெருங் கட்டடங்களை ஆளும் கருவிகளெல்லாம் அந்த வகுப்பறையின் வழித்தோன்றல்களே. காவலாளி படியேறி இறங்கும் துன்பம் நீங்கியது. அவர் தொழில் என்னவாயிற்று என்பதை எழுதிவைத்தவர் யாருமில்லை.

இனி மின்வலைக்கு வருவோம். பல நிலையங்கள் ஒரே வலையில் இணைந்தபின், அவை யாவும் ஒரே தாளத்தில் சுழலவேண்டும். எமது நாட்டில் அத்தாளம் செக்கனுக்கு 50 சுற்று; மீடிறன் என்பது அதுவே. மக்கள் ஒரே வேளையில் விளக்கேற்றினால் சுழலிகள் பளுவினாற் சற்றுத் தளர்ந்து மீடிறன் 50க்குக் கீழே இறங்கும். பளு குறைந்தால் மேலே ஏறும். மின்சாரத்தைக் குளத்து நீர்போலத் தேக்கிவைக்க வழி இல்லாத காலத்தில், ஆக்கமும் நுகர்வும் ஒவ்வொரு கணமும் சமப்பட்டாக வேண்டியிருந்தது. 1950இல் 25 மெகாவாற்றுக்குச் செய்த வேலையை, இரவு உச்சவேளையில் 2,500 மெகாவாற்றைக் கடந்த வலைக்கு இன்று செய்யவேண்டியுள்ளது. நூறு மடங்கு வளர்ந்த இவ்வுடலுக்கு நரம்பு அதே அளவில் வளரவில்லை. விக்டோரியா போன்ற ஒரு பெரிய நீர்மின் நிலையத்தை மீடிறனைக் காக்கும் காவலனாக நிறுத்தி, ஏனைய நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து தொலைபேசியில் 'ஏற்றுக', 'இறக்குக' எனக் கட்டளையிடும் முறை நெடுங்காலம் எமக்குப் போதுமானதாயிருந்தது. ஜோன்சனின் காவலாளி படியேறி இறங்கிய முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. அம்மேசையில் இரவிரவாக விழித்திருந்த பொறியியலாளரின் திறமையை நாம் குறைத்துக் கூறவில்லை. அவர்தம் திறமையையே நம்பிக் கருவியை வாங்காதுவிட்ட ஆட்சியாளரைத்தான் குறை கூறுகின்றோம்.

2015 செப்டெம்பர், 2016 பெப்ரவரி, 2016 மார்ச், 2020 ஓகஸ்ட், 2021 டிசெம்பர், 2023 டிசெம்பர், 2025 பெப்ரவரி — நாடு முழுவதும் இருண்ட நாள்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் உடனடிக் காரணம் வேறு. 2016 மார்ச்சில் பியகமையில் நிலைமாற்றி வெடித்தது. 2020இல் கெரவலப்பிட்டியில் பராமரிப்பு வேலையின்போது தவறு நேர்ந்தது. ஓரிடத்து ஊறு நாடெங்கும் பரவாதபடி தடுக்கும் ஆளுகை தளர்ந்திருந்தமை இவற்றுக்குப் பொதுவானது. சிறிய வலையில் பெரிய நிலையம் ஒன்றைப் பொருத்துவதும் இதற்குத் துணைபோயிற்று. நுரைச்சோலையின் ஓர் அலகு 300 மெகாவாற். அது விழுந்தால் வலை முழுவதும் தள்ளாடுகின்றது. விழுந்தபின் எழுவதற்கு நாள்கள் செல்கின்றன.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் மின்வலை விழுந்தது என அமைச்சர் கூறினார். உலகப் பத்திரிகைகள் குரங்கைக் கண்டு நகைத்தன. அனுமானைப் பற்றிய பகிடிகள் எமது ஊர்த் தேநீர்க் கடைவரை வந்தன. குரங்கினும் கவனத்துக்குரியது மின்சார சபை பின்னர் தந்த விளக்கம். அன்று விடுமுறை நாள், நுகர்வு குறைவு, வெயிலோ மிகுதி. வலையில் ஓடிய மின்னில் பெரும்பங்கு சூரியப் படல்களிலிருந்து வந்தது. நீராலும் நீராவியாலும் சுழலும் பாரமான சுழலிக்கு ஓர் உந்தம் உண்டு. ஊறு நேர்ந்தாலும் சில செக்கன்களுக்குத் தாளத்தைத் தாங்கிக்கொள்ளும். சூரியப் படலில் சுழல்வது எதுவுமில்லை, தாங்குவதற்கும் ஒன்றுமில்லை. மீடிறன் சரிந்ததும் கூரைகளின் மேலிருந்த இன்வேட்டர்கள் தம்மைத் தாமே துண்டித்துக்கொண்டன, சரிவு வீழ்ச்சியாயிற்று.

இரண்டு மாதங்களின் பின் நிகழ்ந்தது இதனினும் படிப்பினை மிக்கது. புத்தாண்டு விடுமுறையில் நுகர்வு குறையும் என அஞ்சி, ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிமட்டும் கூரைச் சூரியப் படல்களை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எரிபொருளுக்கு டொலர் இன்றி இருண்ட நாடு, இலவசமாகப் பொழிந்த வெயிலை வேண்டாம் என்றது! 1,000 மெகாவாற்றுக்கு மேற்பட்ட படல்களைக் கூரைகளில் ஏற்ற அனுமதித்தவர்கள், வேண்டியபோது அவற்றை வேண்டிய அளவுக்குத் தணிக்கும் கம்பியையோ கருவியையோ உடன் வைக்கவில்லை. பகல் வெயிலைத் தேக்கி இரவுக்குத் தரும் மின்கலத் தொகுதியும் போதிய அளவில் இருக்கவில்லை. எஞ்சியது வேண்டுகோள் ஒன்றே. துருசு இல்லாத குளத்தைக் கட்டிவிட்டு, மழையே பெய்யாதே என வேண்டுவதை ஒத்தது அது.

2022இன் இருள் வேறு வகையினது என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமையே காரணம். எத்துணைச் சிறந்த கருவியும் அதனைத் தீர்த்திராது. ஆயின் பற்றாக்குறையை யார் தலையில் எவ்வளவு வைப்பது என்பதும் ஆளுகையே. அட்டவணையில் நாடு ஆங்கில எழுத்துகளாற் பிரிக்கப்பட்டது. கொழும்பின் வணிக வலயங்களுக்குத் தனி அட்டவணை இருந்தது. எமது மாணாக்கர் தம் முகவரியோடு அந்த எழுத்தையும் மனனஞ் செய்தனர். 2023 ஜனவரி 23 முதல் பெப்ரவரி 17 வரை உயர்தரப் பரீட்சை நடந்தபோதும் வெட்டு நின்றபாடில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. ஒரு மாணவி இரவில் விளக்கொளியிற் படிக்கலாமா என்பதை நீதியரசர்கள் ஆராயவேண்டியிருந்த நாட்டில், மின்னாளுகை பொறியியலாளரின் தனிச்சொத்து என எவர் கூறமுடியும்? மின்வெட்டும் ஓர் ஆளுகை முறைதான். கோடரியும் ஓர் அறுவைக் கருவி என்றால்.

கட்டடங்களில் நிகழும் வீண்செலவும் இதே வரலாற்றின் ஒரு பகுதி. எமது கரையில் ஆனி, ஆடி மாதங்களிற் கச்சான் அடிக்கும். மேற்கிலிருந்து வரும் அனல் அது. பழைய வீடுகள் கிடுகுக் கூரையாலும் மண்சுவராலும் கிழக்கு நோக்கிய திண்ணையாலும் அவ்வனலை ஒருவாறு தணித்தன. 2004இன் கடற்கோளுக்குப் பின் கரை நெடுகிலும் சீமெந்துக் கற்களால் எழுந்த வீடுகளிற் பலவற்றில் அத்தணிப்பு இல்லை. நண்பகலில் மரநிழலே வீடாகின்றது. தலைநகரிலோ கண்ணாடிச் சுவர் எழுப்பி, வெயிலை உள்ளே அழைத்து, குளிரூட்டியால் அதனை வெளியே துரத்தும் கட்டடங்கள் பெருகின. அங்கே சில அலுவலகங்களில் எழுதுவினைஞர்கள் கம்பளிச் சட்டை அணிந்து பணியாற்றக் கண்டிருக்கின்றோம். வெப்பநிலைநிறுத்தி சுவரில் இருக்கின்றது. அதனைத் தொடும் உரிமை அவர்களுக்கு இல்லை. இந்தியாவில் 2020 முதல் அறைக் குளிரூட்டிகள் 24 பாகையில் தொடங்குமாறு ஆக்கப்பட்டுள்ளன. இலங்கையில் கட்டடங்களின் சக்திச் சிக்கனத்துக்கான விதிக்கோவை 2000இல் வந்தது; விரும்பியோர் பின்பற்றலாம் என்ற அளவிலேயே நின்றது.

இத்துறையின் புதிய முறைகள் எவ்வளவு தூரம் வந்துள்ளன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1970களில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் முன்னறிந்து ஆளும் முறையொன்று உருவாயிற்று. நடந்ததைப் பார்த்துத் திருத்துவதோடு நில்லாமல், நடக்கப்போவதையும் கணக்கிடுவது அது. செக் நாட்டின் பிராக் நகரில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கட்டடமொன்றில் இம்முறையை வைத்துப் பார்த்தனர். கணினி, மறுநாளைய வானிலை முன்னறிவிப்பைப் பெறும். கட்டடத்தின் சுவரும் தரையும் எவ்வளவு நேரம் வெப்பத்தைத் தாங்கும் என்பதை அறிந்திருக்கும். வரும் மணிகளுக்கான திட்டத்தை வகுத்து, அதன் முதற்படியை மட்டும் நிறைவேற்றி, மீண்டும் புதிதாகக் கணக்கிடும். வெப்பமாக்கும் செலவில் 15 முதல் 28 சதவீதம்வரை மீந்தது என 2011இல் அறிவித்தனர். சுவரை இடிக்கவில்லை, கொதிகலனை மாற்றவில்லை. மழைக்குறி பார்த்து முகத்துவாரம் வெட்டும் எமது முதியவர் இதனைக் கேட்டால், 'இதற்கா இவ்வளவு கணக்கு?' என்று கேட்கக்கூடும். அவருடைய அறிவு ஒரு வாவிக்குப் போதும்; ஆயிரம் அறைகளுக்கும் இலட்சம் கூரைகளுக்கும் கணினி வேண்டும்.

அக்கணினி யாருடைய கட்டளைக்கு இயங்கும்? மீடிறன் சரியும்போது, வலையைக் காப்பதற்காகத் தானியங்கித் துண்டிப்புக் கருவிகள் சில மின்வழிகளைக் கணத்தில் அறுத்துவிடுகின்றன. கருவிக்கு இரக்கமும் இல்லை, பகையும் இல்லை. எந்த வழியை முதலில் அறுப்பது என்ற வரிசையை மேசையிலிருந்து எழுதுபவர் மனிதர். 2024ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பிரித்து, வலையை இயக்குவதற்குத் தனி நிறுவனம் அமைக்க வழிவகுத்தது. அவ்விவாதத்தில் விற்பனையும் கடனும் பேசப்பட்ட அளவுக்கு இந்த வரிசை பேசப்படவில்லை. தொலைவிலிருந்தே அளந்து தொலைவிலிருந்தே துண்டிக்கும் புதிய மானிகள் வருகின்றன. 2022 ஓகஸ்ட்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் உயர்ந்த நாட்டில், அம்மானி ஏழையின் வீட்டு வாசலில் சிக்கனத்தின் தூதுவனாக வருமா, கடன்காரனின் ஏவலாளாக வருமா என்பதை மானியைப் பார்த்துச் சொல்ல இயலாது.

எமது கரைக்கு உடனே பயன்தரக்கூடிய ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடலாம். மீன்பிடித் தொழிலுக்கு ஐஸ் வேண்டும். ஐஸ் என்பது தேக்கிவைத்த குளிர். நண்பகலில் ஆக்கினும் மறுநாள் விடியலில் உதவும். நெல் ஆலையும் அவ்வாறே. குற்றும் நேரத்தைச் சில மணி முன்பின்னாக வைப்பதால் அரிசி கெடுவதில்லை. ஏப்ரலில் வேண்டாம் என்று தள்ளிய வெயிலை ஐஸாகவும் அரிசியாகவும் ஆக்கலாம். ஆனால் கைத்தொழிற் பாவனையாளருக்கான கட்டண அட்டவணை, நீரும் எரிபொருளும் மட்டுமே மின் தந்த காலத்தின் கணக்கில், இரவு 10.30 முதல் விடியற்காலை 5.30 வரையே மலிவான வேளை என நெடுங்காலம் வகுத்துவைத்திருந்தது. அந்த மணிகளை நண்பகலுக்கு நகர்த்த அணை வேண்டியதில்லை, அந்நிய நிறுவனமும் வேண்டியதில்லை. ஐஸ் ஆலையில் ஒரு நேர ஆளியும், அட்டவணையில் ஒரு வரித் திருத்தமும் போதும்.